கையால் பின்னினால் கணக்கு நேராகிவிடுமா?

அக்டோபர் 29 – ஒரு வாசகர் கேட்டது

"கடையில் துணி வாங்குவதை நிறுத்திவிட்டேன். எந்தச் சட்டைக்குப் பின்னால் யாருடைய வயிற்றெரிச்சல் இருக்கிறதோ, யார் கண்டது. ஸ்வெட்டர், ஸ்கார்ஃப், மேல்சட்டை எல்லாம் இனி நானே பின்னிப் போட்டுக்கொள்ளப் போகிறேன். கையால் செய்தது என்றாலே அதில் பாவம் இல்லைதானே? எங்கே தொடங்குவது, சொல்லுங்கள்."

அக்டோபர் 29, இரவு

போன வருஷம் நானும் இதே வேகத்தில்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். பிறந்து வளர்ந்தது திருப்பூர், இப்போது குன்னூரில் ஆறாவது வருஷம். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் சொல்லிக்கொடுத்தார். முதல் ஸ்வெட்டருக்கு நூல் 1,900 ரூபாய். நேரம் 71 மணி. சந்தேகமே வேண்டாம், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவிடம் காட்டப் போனேன். பெரியம்மா 22 வருஷம் பனியன் கம்பெனிக்குப் போனவர். பிசிர் நூல் வெட்டப் போய், தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்கு மாறி, கடைசியில் குறை பார்க்கும் செக்கிங். ஸ்வெட்டரைக் கையில் கொடுத்ததும் முதல் வேலையாக உள்பக்கத்தைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். இழுத்துப் பார்த்தார்.

"சிங்கிள் ஜெர்சி. அடியில ரிப் வெச்சிருக்கே, சரி. முன்பக்கம் திறப்புல ஓரம் சுருளுது பாரு, அதுக்கு ஏன் கண்ணு பட்டி வைக்கல?"

சிங்கிள் ஜெர்சி என்பது டி-சர்ட்டில் இருக்கும் சாதாரணப் பின்னல், அதன் ஓரம் தானே சுருளும். ரிப் என்பது சுருளாத வரிவரிப் பின்னல். ஓரம் ஏன் சுருளுகிறது என்று தெரியாமல் நான் மூன்று வீடியோ பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் பின்னல் ஊசியையே தொடாத பெரியம்மா அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

கேள்விக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை, தெரியும். தூக்கம் வருகிறது.

அக்டோபர் 30

விடிந்ததும் யோசித்தேன். பெரியம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போகும்? திருப்பூரைப் 'பின்னலாடை நகரம்' என்றுதானே எழுதுகிறோம். சொல்லிலேயே இருக்கிறது. ஒரு டி-சர்ட்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். முகப்பில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன 'வி'. என் ஸ்வெட்டரிலும் அதே 'வி'தான், பருமன் மட்டும் பத்து மடங்கு. நான் இரண்டு ஊசியில் இழுப்பதை அங்கே வட்ட மெஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகள் இழுக்கின்றன.

கைப்பின்னலைப் பார்த்து அதே மாதிரி பின்னும் சட்டகத்தை இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-ல் செய்தார். திருப்பூர் மெஷின்கள் எல்லாம் அந்த வம்சம்தான். நான் அந்தப் பக்கம், கம்பெனி இந்தப் பக்கம் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோடு இருந்த இடம் இப்போது தெரியவில்லை.

அக்டோபர் 30, மதியம்

"பனியன் துணி நெய்வதுதானே?" என்று ஒருவர். இல்லை. நெய்தால் பாவு, ஊடை என்று இரண்டு நூல் குறுக்கும் நெடுக்கும் போகும். வேட்டியும் சேலையும் அப்படி. பின்னலில் ஒரே நூல் லூப் லூப்பாகத் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு போகும். அதனால்தான் இழுத்தால் நீள்கிறது, அதனால்தான் ஒரு லூப் அறுந்தால் ஏணி மாதிரிக் கீழே வரைக்கும் ஓடுகிறது.

நவம்பர் 2

பணக் கணக்கு கேட்டவருக்கு.

71 மணி என்றால் எட்டு மணி ஷிப்டு கணக்கில் கிட்டத்தட்ட ஒன்பது. பெரியம்மா வேலையை விட்டபோது ஷிப்டுக்கு 300 ரூபாய் வாங்கினார். அந்த ரேட்டை எனக்குப் போட்டால் கூலி 2,660 சொச்சம். நூலையும் சேர்த்தால் 4,560 ரூபாய். ஊட்டியில் சுற்றுலாக்காரர்கள் வாங்கும் ஸ்வெட்டரோடு இதைப் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. அதில் பெரும்பாலானவை லூதியானா மெஷினில் ஓடியவை.

சரி, எனக்கு யாரும் கூலி தரப்போவதில்லை, பொழுதுபோக்குத்தான் என்று வையுங்கள். அப்படி வைக்க முடிகிறதே, அதுதான் என் வசதி. பெரியம்மா ஒன்றரை ஷிப்டு முடித்து ராத்திரி எட்டரைக்கு வீடு வரும்போது விரலில் கத்தரித் தழும்பு இருக்கும். என் விரலிலும் இப்போது ஊசித் தழும்பு. நான் அதைப் போட்டோ எடுத்துப் போட்டேன், 40 பேர் இதயம் போட்டார்கள். பெரியம்மா தேங்காய் எண்ணெய் போட்டார்.

நவம்பர் 3

ராணா பிளாசா பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பங்களாதேஷில் டாக்கா பக்கம் சாவரில் துணிக் கம்பெனிகள் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்தது. 1,134 பேர் போனார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருக்கிறது, ஆனாலும் தையல்காரர்களை உள்ளே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் "என் உடுப்பைத் தைத்தது யார்?" என்று கேட்கும் இயக்கம் உலகம் முழுக்கப் பரவியது.

நல்ல கேள்விதான். எங்கள் வீட்டில் மட்டும் அதைக் கேட்க முடியாது. "நான்தான்" என்று இரண்டு சித்தியும் ஒரு மாமாவும் எழுந்து நிற்பார்கள்.

நவம்பர் 5

நூல் விஷயம். இதில் நான் ஏமாந்தேன், நீங்களாவது தப்பியுங்கள்.

நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் 'உல்லன்' என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பெட்ரோலிய வம்சம். கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு பற்ற வையுங்கள். நிஜக் கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி காகிதம் எரியும் வாசம், மென்மையான சாம்பல். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினால் கறுப்பாகக் கல் மாதிரி ஒரு உருண்டை நிற்கும்.

நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த 14 பந்தில் 11 பந்து உருண்டை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016-ல் கணக்கெடுத்தார்கள். ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை மெஷினில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேல் பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றனவாம். ஆக, நான் பூமியைக் காப்பாற்ற ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிளாஸ்டிக் பின்னியிருக்கிறேன்.

நவம்பர் 5, பிறகு

அந்த 11 பந்தைத் தூக்கிப் போடவில்லை. வாங்கியதை எறிந்துவிட்டு 'நல்ல' நூல் புதிதாக வாங்குவது அதைவிடக் கேலிக்கூத்து. தலையணை உறைக்குள் திணித்திருக்கிறேன். அடிக்கடி துவைக்க வேண்டாமே.

நவம்பர் 6

"நீலகிரியில் இருக்கிறீர்கள், ஆடு அங்கேயே இருக்குமே?"

இருக்கிறது. தமிழ்நாட்டு ஆடுகளில் மேச்சேரி மாதிரிப் பலதுக்குக் கம்பளியே கிடையாது, முடிதான். திருச்சி கறுப்புக்குச் சொரசொரவென்று முரட்டுக் கம்பளி. மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு ஒன்றுதான், ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் பின்னும் நூலாகத் திரித்துப் பந்து போட்டு என் கையில் கொடுப்பவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆடு கண்ணெதிரே மேய்கிறது, நூல் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது.

அங்கிருந்து வரும் மெரினோ ஆட்டுக் கம்பளியிலும் ஒரு முள் உண்டு. ஈ முட்டையிடாமல் இருக்க, குட்டியின் வாலடித் தோலை வெட்டி எடுப்பார்கள். நியூசிலாந்து 2018-ல் அதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் தடை இல்லை. என் 1,900 ரூபாய் நூல் எந்த நாட்டு ஆடு என்று உறையில் போடவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "ஃபாரின் மேடம்" என்றார்.

நவம்பர் 7

பருத்தி நூலில் பின்னலாமே என்று நான்கு பேர். பின்னலாம். கம்பளி மாதிரி அது சுருங்கி விரியாது. கனம் அதிகம். நான் பருத்தியில் பின்னிய மேல்சட்டை காலையில் இடுப்பு வரை இருக்கும், சாயங்காலம் தொடைக்கு வந்துவிடும். கை நீளம் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைக்குட்டையே தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பருத்தி நூல் எங்கிருந்து வருகிறது? மில்லிலிருந்து. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பதினாறு வயதில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் வாட்ச்மேன் பக்கத்தில் நிற்கும்போதுதான் பேச முடியும். இரண்டே கால் வருஷத்தில் இருமலோடு திரும்பி வந்தாள். முழுசாக முடிக்கவில்லை என்று மொத்தப் பணமும் இல்லை என்றுவிட்டார்கள்.

என் ஊசி தொடங்கும் இடமே அவள் கை விட்ட இடம்தான். எனக்கு முன்னால் விதை, பஞ்சு, நூல், சாயம் எல்லாம் முடிந்து, கடைசி ஒரு படி மட்டும் என்னிடம் வருகிறது. அந்த ஒரு படியைக் கையால் செய்துவிட்டு முழுசையும் 'கைவேலை' என்று சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் 7, ராத்திரி

"அப்படியானால் ராட்டை வாங்குங்கள்" என்று கிண்டல் செய்தவருக்கு: யோசிக்காமல் இல்லை. அம்பர் சர்க்கா என்ற ராட்டையை உருவாக்கிய ஏகாம்பரநாதன் நம் தமிழ்நாட்டுக்காரர்தான், பெயரில் இருக்கும் அம்பர் அவர் பெயரிலிருந்து வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஹாலில் நூல் பந்து இல்லாத நாற்காலியைத் தேட ஆரம்பித்தார்.

நவம்பர் 10

சாயம். இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

என் சின்ன வயதில் திருப்பூரில் நொய்யல் ஆற்றைப் பார்த்தாலே எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் நீலம். விளையாட்டாக நாங்கள் பந்தயம் கட்டுவோம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற கணக்குக்கு வந்தால்தான் திறக்கலாம் என்று. நூற்றுக்கணக்கான பட்டறை மூடியது. எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் ஊரைவிட்டே போனது. ஆற்றுக்கு நியாயம் கிடைத்தது. அதே மாதத்தில் மாமாவுக்கு வேலை போனது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. இப்போதும் பாருங்கள், இரண்டாக உடைத்துத்தான் எழுதினேன்.

வீட்டில் சாயம் போட்டது பற்றிக் கேட்டீர்கள். வெங்காயத் தோல், படிகாரம். கம்பளிக்கு அருமையான செம்மஞ்சள் ஏறியது. பருத்திக்கு முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் பிடிக்காது. மஞ்சள்தூளை நம்பாதீர்கள், வெயிலில் ஒரே வாரத்தில் ஓடிவிடும். சாம்பார்ப் பாத்திரத்தில் செய்யாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

நவம்பர் 12

சாம்பார்ப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு எழுதியதில் உங்களுக்கு அதுதான் கேள்வி.

நவம்பர் 16

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். முதல் நாள் கேட்டவர் இதைக் கட்டாயம் படியுங்கள்.

அண்ணன் மகள் ஒரு குரோஷா டாப் போட்டுக்கொண்டு வந்தாள். "அத்தை, உங்க வேலை மாதிரியே இருக்குல்ல? 650 ரூபாதான்." ஆசையாக வாங்கித் திருப்பினேன் (பெரியம்மா பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது). நிஜ குரோஷா. ஒவ்வொரு முடிச்சும் கொக்கி ஊசியால் போட்டது. ஓரத்தில் நூல் மாற்றிய இடத்தில் கையால் செருகி மறைத்திருக்கிறார்கள், அழகாக, என்னைவிட அழகாக.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, குரோஷாவை அப்படியே போடும் மெஷின் கிடையாது. பார்வைக்கு அதே மாதிரி லேஸ் துணியை மெஷின் ஓட்டும். ஆனால் நிஜ குரோஷா உலகத்தில் எந்தக் கடையில் எந்த விலைக்குத் தொங்கினாலும் அது ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டதுதான்.

அந்த மாதிரி ஒன்றை நான் போன கோடையில் போட்டேன். 22 மணி. சரி, பழகிய கை பாதி நேரத்தில் முடிக்கும் என்று வைப்போம், 11 மணி. 650-ல் கடைக்கு, தரகருக்கு, லாரிக்கு, நூலுக்கு எல்லாம் போக என்ன மிஞ்சியிருக்கும்? முழுப் பணத்தையும் அந்தப் பெண்ணுக்கே கொடுத்திருந்தால்கூட மணிக்கு 59 ரூபாய். முழுசாகக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பெரியம்மாவின் கம்பெனியில் குறைந்தபட்சம் ஷிப்டு என்று ஒன்று இருந்தது. சனிக்கிழமைச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. சங்கம் இருந்தது, கதவுக்கு வெளியே நின்று சத்தம் போடலாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீஸுக்குப் போடும் பெண் யாரிடம் போய்ச் சத்தம் போடுவாள்? கையால் செய்தது என்றால் பாவம் இல்லை என்ற உங்கள் கணக்கு, என் பழைய கணக்கும்தான், இங்கே தலைகீழாகிறது. அடிமாட்டு விலையில் கைவேலை கிடைத்தால் மெஷின் துணியைவிட அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் போலிருக்கிறது.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் அவள் முகம் வாடிவிட்டது. நான் கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம்.

நவம்பர் 17

ஆந்திராவின் நரசாபுரம் பக்கம் இதே கதை நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ். வீட்டுப் பெண்கள் போட, தரகர் எடுத்துப் போக, கப்பலேறுகிறது. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது" என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம்.

நாகர்கோவில்காரர் ஒருவர் உடனே எதிர்த்து எழுதியிருக்கிறார், அவர் சொல்வதும் சரிதான். அங்கே 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் லேஸ் போடக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸில் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாற்றில் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதே மாதிரி நூல், அதே மாதிரி விரல். காசு யார் கைக்குப் போனது என்பதில்தான் எல்லாம்.

நவம்பர் 19

"நீங்கள் மெஷினுக்கு எதிரியா, ஆதரவா? முடிவாகச் சொல்லுங்கள்."

1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கம் பின்னல் சட்டகங்களை உடைத்தார்களே, லட்டைட்டுகள், அவர்களே பின்னல்காரர்கள்தான். தினமும் அதே சட்டகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அகலத் துணியாக ஓட்டி, வெட்டி, மட்டமாகத் தைத்துக் காலுறை என்று விற்று, தங்கள் கூலியையும் பெயரையும் கெடுத்த முதலாளிகளின் சட்டகங்களைத் தேடிப் போய் உடைத்தார்கள். என் கட்சி அதற்குப் பக்கத்தில் எங்கோ. சம்மட்டி தூக்கத் தெம்பு இல்லை.

நவம்பர் 23

தவறைத் திருத்துகிறேன். நவம்பர் 2 கணக்கு பொய். நோட்டை மறுபடி புரட்டினேன். சாம்பிள் துண்டு பின்னிய நேரம், கழுத்தை மூன்று முறை பிரித்த நேரம், துண்டுகளை இணைத்த நேரம் எதையும் சேர்க்கவில்லை. மொத்தம் 94 மணி. கூலி 3,525, நூலோடு 5,425.

பெரியம்மாவிடம் சொன்னேன். "பிரிச்சுப் போட்டதுக்கெல்லாம் கம்பெனில காசு கிடையாது கண்ணு. ஆல்டர் உன் கணக்கு." பிழையைப் பிரித்து மறுபடி தைப்பதற்குக் கம்பெனி பாஷையில் ஆல்டர் என்று பெயர்.

டிசம்பர் 1

தொடக்கம் எங்கே என்று கேட்டு ஒரு மாதம் ஆகிறது, பாவம். என் யோசனை இது. நூல் வாங்காதீர்கள். வீட்டில் கழுத்து தொங்கிப்போன டி-சர்ட் இருக்குமே, அதை எடுங்கள். கைக்குக் கீழே உள்ள உடல் பகுதியை மட்டும் அடியிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், ஒரே நீளப் பட்டையாக வெட்டுங்கள். பிறகு பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். சிங்கிள் ஜெர்சியின் அதே சுருளல்தான், ஸ்வெட்டரில் என்னைப் படுத்தியது இங்கே வேலைக்கு உதவுகிறது. 10 மி.மீ. கொக்கி ஊசி ஒன்று போதும். மிதியடி, கூடை, காய்கறிப் பை.

திருப்பூர்ப் பக்கம் சொந்தம் இருந்தால் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். மெக்கானிக் கை துடைக்க வைத்திருப்பாரே, அதே வேஸ்ட். நான் ஐந்து கிலோ மூட்டை கொண்டுவந்தேன். ஒரு துண்டில் பிசிர் வெட்டிய இடம் தெரிந்தது.

உடுத்த எதுவும் வரவில்லையே என்பீர்கள். இந்த ஒரு வருஷத்தில் நான் பின்னி, அடிக்கடி போடுவது ஒரே ஸ்வெட்டர்தான். மற்ற நாளெல்லாம் எட்டு வருஷத்துப் பனியனும் சுடிதாரும். முழங்கையில் கிழிந்ததைச் சின்னக் குரோஷா ஊசியால் லூப்பை ஏணி ஏற்றி மூடிவிட்டேன். வாங்காமல் விட்டதுதான் அதிகம்.

டிசம்பர் 8

பெரியம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். முன், பின், இரண்டு கை தயார். இணைப்பதில்தான் நான் மட்டம். போன் போட்டேன். "பெரியம்மா, துண்டெல்லாம் கொடுத்து விடறேன், நீங்களே சேத்துக்கிறீங்களா? உங்களுக்குத்தானே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பீஸுக்கு எவ்வளவு தருவே?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 60 என்றேன். தோள், கை, பக்கவாட்டு எல்லாம் தனித்தனி என்றார். என்னுடைய 5,425 ரூபாய்க் கணக்கை எனக்கே திருப்பிச் சொன்னார். பேசிப் பேசி 250-ல் முடிந்தது. பட்டி வைக்க 40 தனி.

நேற்று சனிக்கிழமை. ஸ்வெட்டர் இன்னும் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வந்தது.

"கண்ணு, சம்பளம்?"